யெப்தாவின் வலது கை

கொள்ளைநோயில் விழுந்த மகன் பிழைத்தால் மகளைக் கன்னிமடத்துக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டார் பட்டு வியாபாரி ததேயோ. மகன் பிழைத்துவிட்டான். மடத்துக் கோயிலுக்கு ஒரு படமும் கொடுக்க நினைத்தார். எங்கள் பொலோனியா நகரத்தில் ஓவியர்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் ஆண்பிள்ளை முன்னால் மகளை உட்காரவைக்க மனமில்லாமல், படம் வரையும் பெண்ணான என்னிடம் வந்தார்.

போரில் ஜெயித்தால் தன் வீட்டிலிருந்து முதலில் எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டு, ஓடிவந்த சொந்த மகளையே பலி கொடுத்த யெப்தாதான் படம். யெப்தாவுக்கு ததேயோவின் முகம். மகளுக்கு அவர் மகள் ஒர்சோலாவின் முகம். படம் மடத்துச் சுவரில் ஏறும் நாளில் அவளும் உள்ளே போகவேண்டும்.

"தலையைக் குனிம்மா," என்றேன், பத்தாவது தடவையாக.

"கழுத்து வலிக்குதுக்கா."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

"நேத்தும் வலிச்சுது." சிரித்தாள். "ஆமா, இந்தப் பொண்ணு பேரு என்ன?"

"வேதத்துல போடலை. யெப்தாவோட மகள், அவ்வளவுதான்."

"அப்பன் பேரை மட்டும் ஞாபகமா போட்டிருக்காங்க பாருங்க!"

அவளை நிமிர்ந்த தலையோடே வரைந்தேன்.

சனிக்கிழமை ததேயோ வந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"என்னம்மா இது? பலிபீடத்துல மண்டி போட்டவ இப்படியா முறைப்பா? அவ சம்மதிச்சுதான் போனா!"

"நான் சம்மதிக்கலையே அப்பா," என்றாள் ஒர்சோலா. "நேர்ந்துகிட்ட வாய் உங்களோடது. கழுத்து என்னோடது. பிஷப்போட ஆளு வந்து மடத்துல சேர்றது உன் இஷ்டமான்னு கேப்பாருல்ல? இல்லைன்னுதான் சொல்லுவேன்."

"சொல்லிப் பாரு, காலை ஒடிச்சுடுவேன்!"

"ஒடிச்சா நீங்கதான் தூக்கிட்டுப் போகணும். நான் நல்ல கனம்."

படத்துக்காக வைத்திருந்த கத்தியை எடுத்து அவரிடம் நீட்டினேன். "ஐயா, உங்க வலது கைதான் பாக்கி. அவ கழுத்துக்கு மேல ஓங்கிப் பிடிங்க. ஒரு மணி நேரம் அசையக்கூடாது."

ஓங்கினார். ஒர்சோலா மண்டியிட்டாள், குனியவில்லை. அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில் மணி அடிப்பதற்குள் அவர் கத்தியை மேசைமேல் வைத்துவிட்டார்.

"கை வலிக்குது," என்றார்.

"எனக்குக் கழுத்து வலிச்சப்ப யாருமே நம்பலை."

ததேயோ அவளுடைய மேலங்கியை எடுத்து அவள் தோளில் போட்டார். "வா. அம்மா தேடுவா."

அடுத்த வாரம் பிஷப்பின் ஆள் கேட்டபோது அவள் சொன்ன "இல்லை" தெருவரைக்கும் கேட்டதாம். கதவுக்கு வெளியே நின்ற ததேயோ அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாராம்.

படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கையை வரைந்து முடித்துத் தாருங்கள், வாங்கிக்கொள்கிறோம் என்று இரண்டு மடங்கள் கேட்டுவிட்டன.

வரையமாட்டேன்.