பின்னறையில் மூன்று நாள்

1997 சித்திரையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு அருணாதேவி அடி அண்ணாமலைக்குத் திரும்பியபோது, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "விட்டுது தொல்ல." அவளும் தலையாட்டினாள். இரண்டு வருடமாக உதிரப்போக்கு நிற்காமல் இருந்ததும், உள்ளே கட்டி என்று தெரிந்ததும், திருவண்ணாமலை டாக்டரம்மா "எடுத்துடலாம்மா, உனக்குத்தான் ரெண்டு பசங்க இருக்காங்களே" என்றதும் உண்மைதான். தொல்லை விட்டதும் உண்மைதான்.

தையல் ஆறியது. குடம் தூக்கக் கூடாது என்ற கெடுவும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை பிடித்துக்கொண்டது. மாவு அரைக்கும்போது வரும். பால் பொங்கும்போது வரும். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வயிற்றுக்குள் ஒரு இடத்தைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று மட்டும் தோன்றும். கணவன் சுப்பிரமணி டானிக் வாங்கிவந்தான். நல்ல மனுஷன்தான். அழுகைக்கு டானிக் கொடுக்கிறவனை என்ன சொல்ல?

வீட்டில் சந்தோஷமாக இருந்தது மாமியார் காசியம்மாள். அவர்கள் வீட்டில் ரேணுகாம்பாள் அம்மனுக்குக் கலசம் வைத்திருந்தார்கள். அதனால் தூரமான பெண் அடுப்பங்கரைப் பக்கம் வரக்கூடாது. தட்டு, டம்ளர், பாயோடு பின்னறைக்குப் போய்விட வேண்டும். மூன்று நாளும் சமையல் மாமியார் தலையில் விழும். அது பௌர்ணமியில் வந்துவிட்டால் கிரிவலப் பாதையில் அவர்கள் போடும் இட்லிக் கடையும் அன்றைக்கு இல்லை. "இனிமே ஒரு பௌர்ணமியும் தவறாது" என்று காசியம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தவறவில்லை. ஆடிக்கும் ஆவணிக்கும் அருணாதேவி இட்லிப் பானையின் ஆவியில் நின்றாள். புரட்டாசிக் கடைக்கு அரிசி களையும்போது பின்னறைக் கதவு கண்ணில் பட்டது. உள்ளே விதைக்கு எடுத்துவைத்த மல்லாட்டைக் கடலை மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். இனி அந்த அறை யாருக்கு வேண்டும்?

கல்யாணமான நாளிலிருந்து மாதாமாதம் அவள் படுத்த அறை அது. வலி இருந்தது, ஒதுங்கிக் கிடப்பது அவமானமாகக்கூட இருந்தது. ஆனால் அங்கே அவளை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். வாரப் பத்திரிகை படிப்பாள், ரேடியோ கேட்பாள், பட்டப்பகலில் தூங்குவாள். கட்டியோடு சேர்த்து அதையும் எடுத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்கு யாரும் அவளிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.

பௌர்ணமிக் கடை முடிந்த மறுநாள் காலை, மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயை விரித்தாள்.

காசியம்மாள் பதறிக்கொண்டு வந்தாள். "இன்னாடி, மறுபடியும் உதிரம் படுதா? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"அதெல்லாம் இல்ல அத்த. நான் தூரம்."

"எல்லாம் எடுத்தப்புறம் இன்னா தூரம்?"

"மூணு நாளுக்கு நான் தூரம். என்னத் தொடாதீங்க."

ஒரு பெண் தூரம் என்று வாயால் சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி கேட்பதில்லை. அது அந்த வீட்டு வழக்கம். அதைக் கட்டிக் காத்ததே காசியம்மாள்தான். இப்போது வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போகவேண்டியதாயிற்று. அன்று முழுக்கப் பாத்திரங்கள் உருண்டன. "கொழுப்பு" என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுப்பிரமணி கதவோரம் நின்று, "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டான்.

"அழுகையா வருதுங்க. தனியா அழுதுட்டு வரேன்."

அவன் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

அழுதாள். தூங்கினாள். எழுந்து மறுபடியும் அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாகக் கைபடாமலே வைத்திருந்த தழும்பை முதல்முறையாகத் தடவிப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளைச் சுமந்த இடம் போய்விட்டது. அதற்கு அழாமல் வேறு எதற்கு அழுவது? மறுநாள் மத்தியானம் நன்றாகப் பசித்தது. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சோறு போட்ட காசியம்மாள் போகவில்லை. தள்ளி உட்கார்ந்தாள். "எனக்கு நின்னப்போ நீ இந்த வீட்டுக்கு வரல. 'இனிமே உனக்கு லீவு கெடையாது'ன்னு உங்க மாமா சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அதுக்கப்புறம் நான் பகல்ல படுத்ததே இல்ல."

அருணாதேவி தட்டைக் கழுவி வைத்தாள்.

ஐப்பசிப் பௌர்ணமி முடிந்து அவள் பின்னறைக்குப் போனபோது, மூட்டைகள் வெளியே கிடந்தன. தரை கூட்டியிருந்தது. பாய் இரண்டு விரித்திருந்தது. ஒன்றில் காசியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அத்த?"

"நானும் தூரம். கேள்வி கேக்காத."

அடுப்பங்கரையிலிருந்து சுப்பிரமணி கேட்டான். "யம்மா, உப்பு எங்க இருக்குது?"

இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அருணாதேவி வயிறு குலுங்கச் சிரித்தது அன்றைக்குத்தான். தழும்பு வலிக்கவில்லை.