கூட்டிப் பெருக்கிய குளியலறை

குளியலறைக் கதவைத் தள்ளிய மருமகள், உள்ளே காலெடுத்து வைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். தரை பளிச்சென்று இருந்தது. மருந்துக்குக்கூட ஒரு கண்ணாடித் துண்டு இல்லை.

காலையில் மாமனாரோடு ஆம்புலன்ஸில் ஏறும்போது ஒரு மூட்டைக் கல்லுப்பைக் கவிழ்த்தாற்போல் கிடந்தது இதே தரை. குளிக்கும் மூலையை மறைத்திருந்த ஆளுயரக் கண்ணாடிக் கதவு, ஒரு சில்லுகூட முழுசாக மிஞ்சாமல் பொடிந்து கொட்டியிருந்தது. இப்போது சுவரில் இரண்டு எஃகுக் கீல்கள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"அத்தை, இதை யாரு கூட்டினது?"

"நான்தான்." மாமியாரின் குரல் முன்னறையிலிருந்து வந்தது. "நாலு பேர் வந்து போற வீடு. யார் கால்லயாவது குத்தினா?"

"எங்க போட்டீங்க?"

"குப்பை வண்டி வந்துச்சு. குடுத்துட்டேன்."

மாமியார் தன் புருஷனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கூடப் போகாமல், துடைப்பத்தைக் கையில் எடுத்திருக்கிறாள். அதைக்கூட மருமகளால் புரிந்துகொள்ள முடிந்தது. துக்கத்தில் யார் எதைச் செய்வார்கள் என்று யார் கண்டது? ஆனால் இந்த வீட்டில் உடைந்த கண்ணாடியை யாரும் தொடுவதில்லை. ஒரு தம்ளர் விழுந்தாலும், "தொடாதீங்க!" என்று மாமனாரின் குரல் எங்கிருந்தாலும் வந்துவிடும். ஓடி வந்து, குந்தி உட்கார்ந்து, முதல் கீறல் எங்கே விழுந்தது என்று பார்த்துவிட்டு, "ம், இப்பக் கூட்டலாம்" என்பார். ஒருமுறை விருந்தாளி வீட்டுக் குழந்தை ஜாடியை உடைத்துவிட, வந்தவர்கள் ஐந்து பேரும் அரைமணி நேரம் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவர் தொழில் அது. பாதி வாழ்க்கை பெரிய கட்டடங்களுக்குக் கண்ணாடிச் சுவர் போட்ட எஞ்சினியர். மீதிப் பாதி, போட்ட கண்ணாடி ஏன் உடைந்தது என்று கண்டு சொல்கிறவர். செய்தவன் குற்றமா, மாட்டியவன் குற்றமா, கல்லெறிந்தவன் குற்றமா என்று அவர் எழுதிக் கொடுப்பதை இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கோர்ட்டும் கேட்கும். தெருவில் அவருக்கு 'உடைசல் டாக்டர்' என்று பெயர். மருமகள் முதலில் அவருடைய அறிக்கைகளை டைப் அடித்தாள். பிறகு லென்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் குந்தினாள். பன்னிரண்டு வருஷம்.

அவள் கீல்களைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். கதவு பொடிந்தாலும் கீலின் தாடைக்குள் நாலு துண்டு சிக்கி நிற்கும். அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அங்கேயும் ஒன்றுமில்லை. எஃகில் புதுக் கீறல்கள். மாமியார் சமையலறைக் கத்தியால் நோண்டி எடுத்திருக்கிறாள்.

 ஆஸ்பத்திரி வராந்தாவில் மருமகள் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"நேத்துச் சாயங்காலம் கதவு உரசுதுன்னு அப்பா சொன்னாரு," என்றான் கணவன் அங்கே, சுவரைப் பார்த்துக்கொண்டு. கண்ணாடி மாட்டும் கடை வைத்திருப்பவன். மூன்று வாரம் முன்னால் அந்தக் கதவை மாட்டியவனும் அவன்தான். "நான்தான் கீலை இறுக்கினேன். 'போதும்டா, கண்ணாடி மூச்சு விடட்டும்'னாரு. நான் கேக்காம இன்னொரு சுத்து சுத்தினேன்."

"மாரடைப்புன்னுதானே டாக்டர் சொன்னாரு? ஏற்கெனவே அடைப்பு இருந்திருக்குன்னு..."

"கதவு உடையலேன்னா இன்னிக்கு வந்திருக்குமா? நீ பாத்துச் சொல்லு. என்னாலயா இல்லையான்னு. எனக்காகப் பூசி மெழுகாத. அவருக்கு எப்படிச் சொல்வியோ அப்படிச் சொல்லு."

"சொல்றேன்," என்றிருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மாமனாரை முன்னறைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மூக்கில் கண்ணாடி போட்ட தழும்பு மட்டும் இன்னும் சிவந்திருந்தது. வருகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டு மாமியாரின் கையைப் பிடித்தார்கள். மாடி வீட்டு அம்மாள் மட்டும் பிடித்த கையை விடாமல், "சனிக்கிழமைதான் எங்க ஜன்னலைப் பாத்துட்டு இது தாங்காதும்மான்னாரு, அவரே தாங்கலியே," என்று அழுதாள்.

வக்கீல் வந்தார். இருபது வருஷமாக மாமனாரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர்.

"அண்ணி, அண்ணனை நான் எத்தனை குறுக்குக் கேள்வி கேட்டிருப்பேன்! ஒரு தடவைகூட அசைக்க முடியல. அவர் குனிஞ்சு ஒரு துண்டை எடுத்துப் பையில போட்டாருன்னா, யாரோ ஒருத்தனுக்குத் தூக்கம் போச்சுன்னு அர்த்தம்."

"ஆமா," என்றாள் மாமியார். "அது எனக்குத் தெரியும்."

அப்போதுதான் மருமகள் கவனித்தாள். மாமியார் எல்லோருக்கும் இடது கையையே நீட்டுகிறாள். வலது கை மடியில், ஒரு கைக்குட்டையை இறுக்கிப் பிடித்தபடி. அந்தக் கைக்குட்டை கண்ணருகே ஒருமுறைகூடப் போகவில்லை. அதன் ஓரத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தம்.

"அத்தை, கொஞ்சம் உள்ள வாங்க."

உள்ளறையில் கதவைச் சாத்தினாள்.

"கையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"ரத்தம் வருது."

"வரட்டும்."

"கைக்குட்டைக்குள்ள கண்ணாடிதானே? மாமா எடுத்து வச்சிருந்ததா அது?"

மாமியார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.  பேச ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை.

"மடமடன்னு சத்தம் கேட்டுச்சு. என்னங்கன்னு கத்தினேன். 'வராதே, தொடாதே'ன்னாரு. எப்பவும் சொல்றதுதானேன்னு நான் பாலைக் காய்ச்சிக்கிட்டிருந்தேன். அப்புறம் சத்தமே இல்ல. போய்ப் பாத்தா சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு. கூப்பிட்டா திரும்பல. கை மட்டும் மூடியிருந்துச்சு. பிரிச்சேன். இந்தத் துண்டு." மூச்சு வாங்கியது. "அந்த ஆளை எனக்குத் தெரியாதா? போற நேரத்துலகூடச் சாட்சி எடுத்திருக்காரு. பெத்த புள்ளைக்கு எதிரா."

"அத்தை..."

"அவன் இறுக்கினதை நானும்தான் பாத்தேன். மாமா வேணாம்னு சொன்னதையும் கேட்டேன். அதான் எல்லாத்தையும் வாரிக் கொட்டினேன். நீ பாத்தா சொல்லிடுவே. உனக்குப் பொய் வராது. அவர் பழக்கின பழக்கம் அப்படி."

"பாத்துட்டா சொல்லித்தான் ஆகணும்."

"அதான் சொல்றேன், பாக்காத. அவரைக் கொண்டு போற வண்டி வந்ததும் அவர் கையிலேயே வச்சு அனுப்பிடறேன். அவரோட போகட்டும். என் புள்ள மிச்ச நாளெல்லாம் தூங்கணும்."

 பார்க்க வேண்டாம் என்று மருமகளுக்கும்தான் இருந்தது. பார்க்காவிட்டால் 'தெரியவில்லை' என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக, ஒரு உடைசலைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

சாத்திய கதவு திறந்தது. கணவன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தானோ.

"அம்மா, அதைக் குடு அவகிட்ட."

"நீ போடா வெளிய."

"தெரியாட்டியும் தூங்க மாட்டேம்மா."

மாமியார் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிடித்துப் பிடித்து மரத்துப் போயிருந்தன. கைக்குட்டைக்குள் இருந்தது ஒரு துண்டல்ல. ஒன்றோடொன்று ஒட்டி நின்ற இரண்டு. உதிர்ந்த மற்ற பொடியைவிடப் பெரியவை, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு.

மருமகள் ஜன்னலோரம் போய் லென்ஸைக் கண்ணில் வைத்தாள். அவள் குரல் தானாகவே மாமனாரிடம் வாசித்துக் காட்டும் குரலாக மாறியது.

"ரெண்டு துண்டு. ரெண்டுக்கும் அஞ்சஞ்சு பக்கம். நடுவுல ஒரே ஒரு நேர்க்கோடு."

"வண்ணத்துப்பூச்சியா?" என்றான் கணவன். அந்த வீட்டில் பிறந்தவனுக்கு அதுகூடத் தெரியாமல் இருக்குமா?

"இருங்க. கதவோரத்து மெருகு எங்கயும் இல்ல. சுத்தி வர உடைசல்தான். கீல் பக்கத்துத் துண்டு இல்ல இது." லென்ஸைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "கோட்டுல, கனத்துக்கு நடுவுல, ஒரு கறுப்புப் புள்ளி. உருண்டை."

கணவன் ஜன்னலோரம் வந்து நின்றான்.

கண்ணாடியை உருக்கும்போது எப்போதாவது தூசி அளவு ஒரு கல் உள்ளே சிக்கிக்கொள்ளும். கதவாகி, கடைக்கு வந்து, வீட்டுக்கு வந்த பிறகும் அது உள்ளேயே இருந்து மெல்ல ஊதும். ஒருநாள் யாரும் தொடாமலே மொத்தக் கண்ணாடியையும் உடைத்துவிடும். அப்படி உடைந்தால், தொடங்கிய இடத்தில் மட்டும் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போல் இந்த இரட்டைத் துண்டு விழும். அதிகமாக இறுக்கி உடைந்தால் விழாது.

"கீல்ல ஆரம்பிக்கல. உள்ள இருந்த கல்லுல ஆரம்பிச்சிருக்கு. நீங்க இறுக்கினதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"எனக்காகச் சொல்லலியே?"

"லேப்ல குடுத்துப் பாத்தாத்தான் கல்லு என்னன்னு உறுதியாச் சொல்ல முடியும்னு மாமா கடைசியில ஒரு வரி எழுதுவாரு. நானும் எழுதுவேன்."

அந்த ஒரு வரியைக் கேட்டதும்தான் அவன் நம்பினான். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"அந்தக் குவியல்ல இதைத் தேடி எடுத்திருக்காரு," என்றாள் மருமகள். "பயந்துபோன ஆளால முடியாது."

"அவராவது, சத்தத்துக்குப் பயப்படறதாவது!" மாமியார் சட்டென்று சொன்னாள். சொல்லிவிட்டு, தன் காலி உள்ளங்கையைப் பார்த்தாள். குறுக்கே நாலைந்து மெல்லிய வெட்டுகள். "நான் எல்லாத்தையும் கூட்டிட்டேனே. தொடாதேன்னாரே."

மகன் தலை நிமிராமலே அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். பிறகு மருமகளிடம் மறு கையை நீட்டினாள்.

"இங்க குடு. நான் பாக்கறேன்."

நாற்பது வருஷம் அவர், "ஒரு நிமிஷம் வந்து பாரேன்," என்று கூப்பிட்டபோதெல்லாம், "உடைஞ்சு போனதுல பாக்க என்ன இருக்கு, எனக்கு வேலை கெடக்கு," என்று போனவள். லென்ஸை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"ஒண்ணுமே தெரியலியே."

"கண்ணோட ஒட்டி வச்சுக்கோங்க அத்தை. துண்டை மெதுவாக் கிட்ட கொண்டு வாங்க."

"புகை மாதிரி இருக்கு."

"ஈரம் பட்டிருக்கும். துடைச்சுட்டுப் பாருங்க."

மாமியார் ரத்தம் படாத மூலையாகப் பார்த்துக் கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்தாள். மறுபடி கண்ணில் வைத்தாள். மறுபடி எடுத்துத் துடைத்தாள். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ கதவைத் தட்டி, வண்டி வந்தாச்சு என்றார்கள்.

"ரெண்டு நிமிஷம் இருக்கச் சொல்லு," என்றாள் அவள், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.