வேலிகா மிதித்த வாசல்

வேலிகா இறந்த நாற்பதாம் நாள் பூசைக்காக அவித்த கோதுமையில் சர்க்கரை தூவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு கெர்கினாவின் மருமகள், "பாவம், ஒண்ணும் தெரியாமலே வாழ்ந்துட்டுப் போயிட்டா" என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"யாருக்குடி ஒண்ணும் தெரியாது? அவ காலடிக்காக உன் மாமியார் எத்தனை வருஷம் தவம் கிடந்தான்னு போய்க் கேளு!"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். போகட்டும்.

மூளை வளர்ச்சி குறைவு என்று டாக்டர் சொன்னது உண்மைதான். வேலிகாவுக்குக் கடிகாரம் பார்க்க வராது. அவள் ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவருவதற்குள் பாதிப் பேர் பொறுமை இழந்து கிளம்பிவிடுவார்கள். சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள். பிடிபட்டால் சீட்டையெல்லாம் அள்ளி அடுப்பில் போடப் பார்ப்பாள். வால்நட் என்றால் உயிரை விடுவாள். யாராவது அவசரப்படுத்தினால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவாள், குதிரை கட்டி இழுத்தாலும் வரமாட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் இக்னாத் திருநாளில், காலையில் யார் முதலில் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறாரோ அவரைப் பொறுத்துத்தான் அந்த வீட்டின் வருஷம். வந்தவர் அடுப்புத் தணலைக் குச்சியால் கிளறி, பொறி பறக்கப் பறக்க வாழ்த்த வேண்டும். பிறகு அடைகாக்கும் கோழிபோல அசையாமல் உட்கார்ந்து, வீட்டுக்காரியோடு சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். வேலிகா மிதித்த வீட்டில் குஞ்சும் குட்டியுமாகப் பெருகியது என்று ஒரு வருஷம் பேச்சுக் கிளம்பியதும், ஊரே அவளுக்காக அடித்துக்கொண்டது. வருஷத்துக்கு ஒரே வீடுதான், அதில் அவள் கறார். வெள்ளைத் தலைத்துணி கட்டி, நிமிர்ந்து, பிஷப் மாதிரி தெருவில் நடந்து வருவாள். அந்த ஒரு வேலையை அவள் செய்த அழகோடு வேறு யாரும் எந்த வேலையும் செய்து நான் பார்த்ததில்லை.

என் மகன் மெதோதியை ஓர் இலையுதிர்காலத்தில் ஆறு கொண்டுபோயிற்று. கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். எனக்கென்று இருந்தவன் அவன் ஒருவன்தான். திருநாள் நெருங்கியபோது நான் சாப்பாட்டை நிறுத்தினேன், அடுப்பை அணைத்தேன், அவன் போன இடத்துக்கே போய்விடுவது என்று படுத்துவிட்டேன். கதவைத் தட்டியவர்களைக் கத்தி விரட்டினேன். திருநாளன்று துக்க வீட்டை மிதிக்க எவருக்கும் துணிச்சல் வராது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த வருஷம் வேலிகாவைப் பேசிவைத்திருந்தவள் எதிர்வீட்டு கெர்கினா. புதுத் தலைத்துணி, ஒரு பை வால்நட் எல்லாம் முதல் நாளே கொடுத்தாகிவிட்டது. கதவை விரியத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். வேலிகா வந்தாள், அவளைப் பார்த்தாள், திரும்பி என் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள்.

"போடி வெளியே" என்றேன் படுத்தபடியே.

அவள் பாட்டுக்கு அடுப்பெதிரே குந்திக் குச்சியால் கிளறினாள். சாம்பல்தான் பறந்தது.

"நெருப்பு இல்ல, நெதாக்கா."

"இல்லதான். போ."

"போட்டுக் குடு."

"உனக்குப் புரியல? மெதோதி செத்துட்டான்!"

"தெரியும். பெட்டிய எறக்குனப்ப நான் அழுதேன்ல" என்றாள். "நெருப்பு போடு."

வந்தவர் கிளறலாமே தவிர மூட்டக் கூடாது. அது வீட்டுக்காரியின் வேலை. அதை வேலிகாவிடம் மாற்றிச் சொல்ல ஆண்டவனாலும் முடியாது.

வாசலுக்கு வெளியே கெர்கினாவின் குரல் தெருவையே கிழித்தது. "அடிப்பாவி! என் வால்நட்டைத் தின்னுட்டு அந்த வீட்லயா போய் உக்காந்திருக்கே? அதிர்ஷ்டத்தைக் கொண்டுபோய் அங்கயா கொட்டுவாங்க?"

"உங்கிட்டதான் நெறைய கோழி இருக்கே!" என்று வேலிகா பதிலுக்குக் கத்தினாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. வாய்விட்டு அழுதேன். அவள் தட்டிக்கொடுக்கவில்லை, தேற்றவில்லை, காத்திருந்தாள். மதியமாயிற்று. குளிரில் அவள் உதடு நீலம் பாரித்துப் பல் கிடுகிடுத்தது. எழுந்து போகிற எண்ணம் மட்டும் அவளுக்கு இல்லை. சாவது என் இஷ்டம், இவளை விறைக்கவிட எனக்கு என்ன உரிமை? திட்டிக்கொண்டே எழுந்தேன். கால் தள்ளாட, சுவரைப் பிடித்துக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போனேன்.

கட்டை எரிந்து தணலானதும் அவள் கிளறினாள். பொறி பறந்தது.

"எத்தனை பொறியோ அத்தனை குஞ்சு, அத்தனை ஆட்டுக்குட்டி, அத்தனை..."

நின்றுவிட்டாள். அடுத்து வர வேண்டியது 'பிள்ளை'. அவள் என்னைப் பார்த்தாள், வெகுநேரம் யோசித்தாள். அந்த வாழ்த்தில் ஒரு எழுத்தைக்கூட எந்த வீட்டிலும் மாற்றாதவள் அவள்.

"அத்தனை ரொட்டி" என்று முடித்தாள். "பசிக்குது, நெதாக்கா."

என் மகளாய்ப் பிறந்திருந்தாலும் என்மேல் அவ்வளவு இரக்கம் காட்டியிருப்பாளா தெரியாது. மாவு பிசைந்தேன். அவள் கோழிபோல உட்கார்ந்திருந்தாள். ரொட்டியைப் பிய்த்து, நான் ஒரு வாய் வைக்கும்வரை தன் துண்டைத் தொடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தேன்.

அந்த வருஷம் ஒன்றும் நல்ல வருஷமில்லை. ஆலங்கட்டி மழையில் திராட்சை நாசமாயிற்று, இருந்த ஓர் ஆடும் நோயில் செத்தது. கெர்கினாவுக்குப் பரம திருப்தி. "பாத்தியா, அந்தப் பொண்ணு காலடி உன் வீட்ல வீணாத்தானே போச்சு!" என்று தெருவில் நிறுத்திவைத்துச் சொன்னாள்.

வீணாகவா போயிற்று? அதைக் கேட்க நான் உயிரோடு இருந்தேனே.