நான்கு வயது மாட்டுவண்டிக்காரர்

ஹஸீனா பொறுப்பை எடுத்துக்கொள்வாள் என்று சரத் சொன்னதால்தான் நான் எடுத்துக்கொண்டேன். அப்போது வேறு காரணங்கள் சொன்னேன். அவை எதுவும் உண்மையில்லை.

என் கணவர் தில்லையம்பலம் மாரடைப்பில் இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. ஓய்வுபெற்ற பிறகு ஆறு வருடமாக அவருக்கு இருந்தது ஒரே வேலை. போருக்கு முன்னால் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய கூலிக் குடியிருப்புகளில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள், ஒரு பழைய சங்கத்தின் அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. வீட்டு எண், பெயர், வயது, இங்கே வந்து எத்தனை வருடம், தொழில். ஆயிரத்து நூற்று நாற்பது பக்கங்கள். அவற்றைப் படமெடுத்து, இருபத்து மூன்று தொண்டூழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, தட்டச்சு செய்யவைத்து, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்ற வேண்டும். சனிக்கிழமை காலைகளில் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடையின் மேல்மாடியில் கூடுவார்கள்.

இணையத்தளத்தைக் கட்டிக்கொண்டிருந்த சரத்தான் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, ஜூன் இருபத்தேழு லாஞ்ச். யாராச்சும் கோ-ஆர்டினேட் பண்ணணும். ஹஸீனாக்கா பண்ணுவாங்க. அங்கிளோட சிஸ்டம் முழுக்க அவங்களுக்குத்தான் தெரியும் லா."

"நான் பண்றேன்."

"ஆன்ட்டி, நீங்க மேல வந்ததே இல்லையே."

"படி இருக்கில்ல? ஏறி வர்றேன்."

ஹஸீனாவை அதற்கு முன் இறுதிச் சடங்கில் மட்டும் பார்த்திருந்தேன். ஐம்பது வயது இருக்கும். தெம்பனிஸில் துணைப்பாட வகுப்பு நடத்துகிறாள். சத்தமாகச் சிரிப்பாள். முதல் சனிக்கிழமை எல்லோருக்கும் கறி அடைத்துப் பொரித்த கரிபாப் கொண்டுவந்திருந்தாள். கீழே கடைக்கு இருவரும் தேநீர் சொல்லப் போனபோது சுவரைப் பார்த்தபடி, "சாருக்குத் தே ஓ கோசோங். இன்னும் வாய் அதைத்தான் சொல்ல வருதுக்கா" என்றாள்.

கோசோங் என்றால் சீனி இல்லாமல். வீட்டில் மூன்று கரண்டி சீனி போடாவிட்டால் கோப்பையைத் தள்ளிவைப்பவர் அவர். பன்னிரண்டு வருடம் நான் சண்டை போட்டும் குறையாத சீனி, இந்த மாடியில் குறைந்திருக்கிறது. நான் அன்றைக்குக் கரிபாப்பைத் தொடவில்லை.

வேலைக்கு ஒரு விதி இருந்தது. அவர் வகுத்தது. ஒரு பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒருவர் செய்ததை மற்றவர் பார்க்கக்கூடாது. பிறகு கணினி இரண்டையும் ஒப்பிடும். வேறுபடும் கட்டங்கள் மஞ்சளாகத் தெரியும். மூன்றாவது ஆள் மூலத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். பக்கத்தின் அடியில் தட்டச்சு செய்த இரண்டு பேரின் பெயர்களும் வரும், யார் முதலில் முடித்தார்களோ அந்த வரிசையில். பூன் லேயிலிருந்து வந்த ஒரு தம்பதி ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தார்கள் என்பதற்காக அவர்களை ஒரு மாதம் நிறுத்திவைத்தவர் என் கணவர்.

அவருடைய கணக்கில் நுழைந்து பட்டியலைப் பார்த்தேன். யாருக்கு எந்தப் பக்கம் என்று தீர்மானித்தவர் அவர்தான். முதல் ஐந்து வருடம் அவருக்கு ஜோடியாக யார் யாரோ இருந்தார்கள். கடந்த டிசம்பரிலிருந்து ஒரே பெயர். தில்லையம்பலம், ஹஸீனா. தில்லையம்பலம், ஹஸீனா. நூற்று எண்பத்தாறு பக்கங்கள். மற்ற ஜோடிகளுக்குப் பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் கட்டங்கள் இருந்தன. இவர்களுக்கு ஒன்று, இரண்டு. பல பக்கங்களில் ஒன்றுகூட இல்லை.

முப்பத்தெட்டு வருடத் திருமணத்தில் இன்று என்ன சமைப்பது என்பதில்கூட நாங்கள் ஒத்துப்போனதில்லை. இரண்டு பேர் தனித்தனி வீட்டில் உட்கார்ந்து ஒரே மாதிரி படித்து, ஒரே மாதிரி யோசித்து, ஒரே மாதிரி தட்டியிருக்கிறார்கள். ஒரு வாரம் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். மூலப் படங்களோடு வைத்துப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன்.

கண்டுபிடித்தேன். ஒரு மாட்டுவண்டிக்காரருக்கு வயது நான்கு, இங்கே வந்து முப்பத்தொரு வருடம் என்று இருந்தது. வயதும் வருடமும் கட்டம் மாறிப் போயிருந்தன. இருவர் தட்டியதிலும் அதே தவறு. அடுத்த பக்கத்தில் ஏழு வயதுச் சலவைக்காரர், அங்கேயும் அப்படியே. பதினொரு பக்கங்களில் இப்படி. ஒருவர் கட்டம் மாறித் தட்டலாம். இரண்டு பேர் அதே வரிசையில், அதே ஆளுக்கு, பதினொரு தடவை மாற்றித் தட்ட முடியாது. ஹஸீனா அவருடையதைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

அவர் போன பிறகு நான் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்ட நாள் அது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

சனிக்கிழமை மற்றவர்கள் இறங்கிப் போகும்வரை காத்திருந்தேன். சரத் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். திரையை ஹஸீனா பக்கம் திருப்பினேன்.

"நாலு வயசுல மாட்டுவண்டி ஓட்டியிருக்கான். கெட்டிக்காரப் பிள்ளை, இல்ல?"

அவள் குனிந்து பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள்.

"ரெண்டு பேரும் ஒரே தப்பு" என்றேன். "டியூஷன்ல பிள்ளைங்க காப்பியடிச்சா என்ன செய்வீங்க ஹஸீனா?"

"அக்கா, நான் சாரைப் பார்த்து அடிக்கல."

"அப்ப அவர் உங்களைப் பார்த்து அடிச்சாரா?"

"ரெண்டுமே நான் அடிச்சதுதான்" என்றாள். "முதல்ல சார் பேருல. ஒரு வாரம் கழிச்சு என் பேருல. ரெண்டாவது தடவை முன்னாடி அடிச்சதைத் திறந்துகூடப் பார்க்கல, அல்லாமேல ஆணை. ஆனா அதே கண்ணு, அதே தப்பு."

"ஏன்?"

"சாருக்குக் கண்ணு தெரியலக்கா. நவம்பர்லேயே. ஓரத்துல தெரியும், நடுவுல ஒண்ணுமில்ல. சீனி வியாதிதான். கண்ணுல ஊசி போட ரெண்டு தடவை நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

நான் முப்பத்தொரு வருடம் பாலிகிளினிக் பதிவு மேசையில் வேலை பார்த்தவள். படியில் ஏறும் காலைப் பார்த்தே யாருக்குக் கண் சரியில்லை என்று சொல்வேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

ஹஸீனா சரத்தைப் பார்த்தாள். அவன் கம்பியோடு வெளியே போய்விட்டான்.

"நான் சொல்லச் சொன்னேன்க்கா. 'இரஞ்சிதத்துக்குத் தெரிஞ்சா எனக்கும் ஒரு நம்பர் குடுத்து உட்கார வச்சிருவா'ன்னு சிரிச்சாரு. லாஞ்ச் முடியட்டும், நானே சொல்றேன்னாரு. இங்க பக்கத்துல உட்கார்ந்துக்குவாரு. நான் ஒவ்வொரு பேரா வாசிப்பேன், அவரு கேட்டுட்டே இருப்பாரு."

வாசிப்பேன் என்ற சொல்லோடு எனக்குக் காலை நேரங்கள் புரிந்தன. இறப்பதற்கு முந்தைய நான்கு மாதமும் அவர் செய்தித்தாளை என் பக்கம் நீட்டி, "நீ வாசி, உன் குரல்ல கேட்டா நல்லாருக்கு" என்பார். இந்த வயதில் இப்படி ஒரு ஆசை என்று என் அக்காவிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருந்தேன். பதினைந்தாம் பக்கத்து மரண அறிவிப்புகள் வரை வாசித்தேன். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு ஜோடிக் கண். என் குரலில்லை. எனக்குக் கிடைத்தது மிச்சம். ஹஸீனாவுக்குக் கிடைத்தது உண்மை.

சரத் திரும்பி வந்து ஒரு யோசனை சொன்னான். "தப்பை மட்டும் கரெக்ட் பண்ணிடலாம் ஆன்ட்டி. பேர் அப்படியே இருக்கட்டும். யாருக்குத் தெரியப் போகுது? மூணு வாரம்தான் இருக்கு."

"விதின்னு ஒண்ணு இருக்கு" என்றேன். "ஒரே ஆள் அடிச்ச பக்கம் தளத்துல போகாது. இன்னொரு ஆள் திரும்ப அடிக்கணும். நான் அடிக்கிறேன்."

"நூத்தி எண்பத்தாறா?"

"ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து. எனக்கு வேற என்ன வேலை?"

அப்போது ஹஸீனா சொன்னாள். "அப்படின்னா என் பேரை எடுத்துடுங்கக்கா. சார் பேரும் உங்க பேரும் இருக்கட்டும். அது போதும் எனக்கு."

அவள் அதை நல்ல மனதோடு சொன்னாள். எனக்கு அது தெரிந்ததுதான் சங்கடம். நூற்று எண்பத்தாறு பக்கங்களின் அடியில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில், யாரும் பார்க்கும்படி. ஆசையாக இருந்தது. வாய்வரை சரி என்ற சொல் வந்தது. ஆனால் அதை எனக்கு எடுத்துத் தருகிறவள் அவள். என் கணவரை அவள் கையிலிருந்து நான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"வேணாம். அவர் அடிக்கல. அடிக்காதவர் பேர் எதுக்கு?"

ஹஸீனாவின் முகம் சுருங்கிப்போனது. "அக்கா, அவரோட வேலை இது."

"அவர் வகுத்த விதி."

இருபது நாள் காலையிலிருந்து மாலைவரை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தட்டினேன். ஹஸீனா தட்டியதைத் திறக்கவில்லை. அன்றன்று முடித்ததை ஒப்பிட்டபோது பக்கத்துக்குப் பதினைந்து மஞ்சள் கட்டங்கள் வந்தன. மற்ற எந்த ஜோடியையும்விட அதிகம். தீர்ப்புச் சொன்ன மூன்றாவது ஆள் சரத்தான். பாதிக்கு மேல் ஹஸீனா பக்கமே சொன்னான்.

இணையத்தளம் குறித்த தேதியில் வெளியானது. முகப்பில் அவர் பெயரும் படமும் பெரிதாக இருக்கின்றன. அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் தட்டச்சு செய்தவர்கள் வரிசையில் அவர் நவம்பரோடு நின்றுவிடுகிறார். அதை ஏன் அப்படிச் செய்தேன் என்று அவருடைய தங்கை கேட்டாள். நேர்மை என்றேன். ஹஸீனாவோடு அவர் சேர்ந்து நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை என்று சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

இப்போது அந்த நூற்று எண்பத்தாறு பக்கங்களின் அடியிலும் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஹஸீனா, இரஞ்சிதம். முதலில் முடித்தவள் அவள், அதனால் முதலில் வருகிறாள். பொறுப்பாளர் என்ற முறையில் வரிசையை மாற்ற எனக்கு அனுமதி உண்டு. இரண்டு தடவை கைவைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.