எண்பது டிகிரி மாப்பிள்ளை

பெண் கேட்டு வந்த ஜுன்காயிடம் யூலானின் அப்பா ஜெங் குலம் கோத்திரம் எதுவும் விசாரிக்கவில்லை. "எனக்கு ஒரு கெட்டில் வாங்கணும். நீயே பாத்து எடுத்துக் குடு தம்பி" என்றார். ஜெங்கின் ஊரான ஷான்டோவில் டீ சாமான் எடுக்கச் சொல்வது ஆளை எடைபோடத்தான். இதில் கோட்டை விட்டால் யூலான் கிடையாது.

கடையில் கெட்டில்கள் வரிசை கட்டி நின்றன. எத்தனை டிகிரி வேண்டுமோ அதை அமுக்கினால் தண்ணீர் அந்தச் சூட்டிலேயே நிற்குமாம். விற்பனைக்காரப் பெண் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஜெங் குறுக்கே புகுந்தார்.

"நீ எதுல வைப்பே?"

ஷான்டோக்காரர்களைப் போல நூறு என்று பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அவன் ஹாங்சோக்காரன், பச்சைத் தேயிலையில் வளர்ந்தவன்.

"எண்பதுல, மாமா."

"எண்பதா? அதுல காலத்தான் ஊற வைக்கலாம். தண்ணின்னா தளதளன்னு கொதிக்கணும்."

"நூறுல போட்டா எங்க ஊர்த் தேயிலை வெந்து கீரையாயிடும், மாமா."

"அதக் குடிச்சுத்தான் இப்படி இருக்கியா?"

கூடவே வந்திருந்த யூலான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவளுக்கு என்ன, மாட்டிக்கொண்டவன் அவனல்லவா.

"சரி, உங்க ஊர் வழக்கப்படியே போடு, பாப்போம்" என்று ஜெங் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஜுன்காய் இருப்பதிலேயே விலை கூடிய கெட்டிலை எடுத்தான். தண்ணீர் நிரப்பி எண்பதில் வைத்தான். சோதித்துப் பார்க்கக் கடையில் வைத்திருந்த கண்ணாடி டம்ளரில் பச்சைத் தேயிலையைப் போட்டு, மெல்லத்தான் சாய்த்தான். அந்தப் பாழாய்ப்போன கெட்டிலுக்கு வாய் அகலம். தண்ணீர் குபுக்கென்று பாய்ந்து டம்ளர் விளிம்பில் வந்து தளும்பியது.

முக்கால் டம்ளர் ஊற்றினால் மரியாதை. விளிம்பு வரை ஊற்றினால், எழுந்து போய்யா என்று அர்த்தம். இது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜெங் எழுந்தார். "நல்லது. கெளம்புறேன்" என்று வாசலைப் பார்க்க நடந்தார்.

ஜுன்காய் கெட்டிலும் கையுமாக அவர் பின்னால் ஓடினான். "சார், அதுக்குப் பணம் கட்டல" என்று விற்பனைக்காரப் பெண் அவன் பின்னால் ஓடினாள். நடைபாதையில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மானம் போனபிறகு பயம் எதற்கு? அவனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"உங்கள யாரும் போகச் சொல்லல, மாமா. இந்தக் கெட்டிலோட வாய் சரியில்ல. சூட்டப் பத்தியே சண்ட போட்டோமே, ரெண்டு பேர்ல ஒருத்தராவது ஊத்திப் பாத்தோமா? இத வாங்கிட்டுப் போங்க. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரன் அத்தன பேரையும் நீங்களே வெரட்டி விடுவீங்க."

ஜெங் அவன் கையிலிருந்த கெட்டிலை வாங்கி, அதன் வாயை உற்றுப் பார்த்தார். கடைக்குள் திரும்பிப் போனார். ஒல்லி மூக்குக் கெட்டில் ஒன்றை எடுத்து, தானே ஊற்றிப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி விழுந்தது தண்ணீர்.

"இதுல ரெண்டு கட்டும்மா."

"ரெண்டா, ஐயா?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு எம்பொண்ணு வீட்டுக்கு. நான் போனா இவன் எண்பதுல ஊத்தி நீட்டுவான். நூறுல வைக்க அங்க ஒரு பட்டனாவது இருக்கட்டும்."


ஜுன்காய்க்கு முகமெல்லாம் பல். "மாமா..." என்றான்.

"என்னடா மாமா? தூக்கிட்டு வா, மாப்ள."