சூறாவளிக்கு மறுநாள் விருந்து

மாநிலச் சட்டமன்றத்தில் இரண்டு தடவை இருந்துவிட்ட மார்லிஸ் ஹோவ்லண்ட், மூன்றாவது தேர்தலுக்கு நிதி திரட்ட ஊர்த் தீயணைப்புக் கொட்டகையில் பான்கேக் விருந்து வைத்திருந்தாள். தலைக்குப் பத்து டாலர். மாவும் இறைச்சியும் பாகும் பிரச்சாரக் கணக்கிலிருந்து வாங்கியாயிற்று. அந்தக் கணக்கைப் பார்ப்பவன் அவள் கணவனின் தம்பி டெரில்.

விருந்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சூறாவளி வந்து ஊரின் கிழக்குப் பக்கத்தைத் துடைத்துப் போட்டது. வீடிழந்தவர்கள் போர்வையும் கையுமாக அதே கொட்டகையில்தான் ஒதுங்கினார்கள். மார்லிஸ் யோசிக்கவில்லை. பணப்பெட்டியை உள்ளே வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னாள். மத்தியானம்வரை எல்லாருக்கும் சுட்டுப் போட்டார்கள். சுவரில் ஏற்கெனவே மாட்டியிருந்த அவள் பெயர் போட்ட தட்டியைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

எதிர்த்து நின்ற கிரெக் பாஸ்லர், அந்தத் தட்டி தெரியும் புகைப்படத்தோடு தேர்தல் ஆணையத்துக்குப் புகார் அனுப்பினான். சட்டப்படி நன்கொடைப் பணத்தைப் பிரச்சாரத்துக்குத் தவிர வேறெதற்கும் செலவழிக்கக்கூடாது. ஆணையம் விளக்கம் கேட்டது.

டெரில் அலட்டிக்கொள்ளவில்லை. விருந்துக்கு வாங்கிய சாமான், விருந்தும் நடந்தது, வசூல் ஆகவில்லை, அவ்வளவுதானே என்றான்.

"பிரச்சார விருந்துன்னே எழுதிடலாம் அண்ணி. யாரு கேக்கப் போறா?"

"கேரல் என் கையாலதான் தட்டை வாங்கினா. அவ புருஷன் உடம்பை அப்பதான் இடிபாட்டுக்குள்ளேருந்து எடுத்திருந்தாங்க. அவகிட்ட நான் ஓட்டுக் கேட்டேன்னு எழுதச் சொல்றியா?"

"நீங்க கேக்கலைன்னு ஊருக்கே தெரியும். இது வெறும் காகிதம்."

"காகிதத்துலயும் வேணாம்."

"அப்ப பாஸ்லர் சொன்னது சரின்னு ஆயிடும்."

"ஆகட்டும். அந்தக் காசை நான் கட்டிடறேன்."

நடந்ததை நடந்தபடியே ஆணையத்துக்கு எழுதினாள். ஏரியில் நிறுத்தியிருந்த தங்கள் மோட்டார் படகை விற்றுச் சாமான் விலையையும் ஆணையம் போட்ட அபராதத்தையும் கட்டினாள். அவள் கணவன் ராய் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்திரிகையோ ‘நிதி முறைகேட்டை ஒப்புக்கொண்டார் ஹோவ்லண்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டது. வெளியூர் நன்கொடைகள் நின்றுபோயின. கடைசி வாரம் வீடு வீடாக நடந்து பார்த்தாள். கதவைத் திறந்த சிலர் படகைப் பற்றி அனுதாபமாக விசாரித்தார்கள். சிலர் கதவையே திறக்கவில்லை.

சொந்த ஊர் அவளைக் கைவிடவில்லை. தொகுதி கைவிட்டது. சுமார் இருநூறு ஓட்டில் பாஸ்லர் ஜெயித்தான்.

கணக்கை முடிக்க டெரில் வந்தான். பதவியை விட்டுப் போகிறவர் மிச்சப் பணத்தைத் தர்மத்துக்குக் கொடுக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது என்றான். வீடு கட்டும் நிவாரணக் குழுவின் பெயருக்குக் காசோலையை எழுதியே கொண்டுவந்திருந்தான்.

"தோத்தாத்தான் சோறு போடலாம்னு எனக்கு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மார்லிஸ்.

டெரில் சிரித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதவி போனது அவளுக்கு உள்ளூர வலிக்கத்தான் செய்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கேரல் வீட்டுக் கூரை வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டாள்.