அங்கி பார்த்த பதினேழு தெருக்கள்

ஆற்றுக்குக் கிழக்கே உள்ள தெருக்கள், அங்கி போட்டவர் யாராவது பாலத்தைத் தாண்டி வந்தால் பாய் போலச் சுருண்டுகொள்ளும். உள்ளே இருப்பவர்களுக்குப் பெரிய சிரமமில்லை. பேருந்து வளைவில் திரும்பும்போது வருகிற சாய்வுதான். அடுப்பில் பால் இருந்தால் இறக்கிவைத்துவிடுவார்கள். மேற்குக் கரையில் அறுநூறு வருஷமாக இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு இந்தச் சங்கதி தெரியாது. அதன் பேராசிரியர்கள் அங்கியோடுதான் படியிறங்குவார்கள். அங்கி இல்லாமல் பார்த்தது பார்த்ததாகாது என்பது அங்கே சட்டம். ஆகவே அவர்கள் போட்ட வரைபடங்களில் ஆற்றுக்குக் கிழக்கே வெறும் புல்தான் முளைத்திருந்தது.

புல்லுக்கு எதற்குக் குழாய்த் தண்ணீர் என்று நகரசபை ஒருநாள் யோசிக்கும் வரை அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. நேரில் பார்த்து எழுதித் தரச்சொல்லிப் புவியியல் பேராசிரியரை அனுப்பினார்கள். ஒன்றுமில்லை என்று அவர் எழுதிவிட்டால் மாதக் கடைசியில் குழாயை அடைத்துவிடுவார்கள். கிழக்குக் கரையில் இருபத்திரண்டு வருஷமாகத் தபால் கொடுத்துவரும் தபால்காரியின் காதுக்கும் இது எட்டியது. அவள் தங்கை அங்கேதான் சலவைக்கடை வைத்திருந்தாள்.

பேராசிரியர் மூன்று நாள் புல்லில் நடந்தார். அங்கே எதுவும் இல்லாததைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதினார். நான்காம் நாள் காலை பாலத்தின் முனையில் தபால்காரி சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினாள்.

“சார், அந்த அங்கியக் கொஞ்சம் கழட்டுங்க.”

“ஏம்மா, நடுரோட்டுலயா?”

“முதுகுல காக்கா எச்சம், சார். காக்கா நல்லா சாப்பிட்டிருக்கு போல.”

கழற்றினார். தெருக்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பூட்டு ரிப்பேர் கடை வந்தது, பல் டாக்டர் வந்தார், பஞ்சர் ஒட்டுமிடம் வந்தது. மாடியில் போர்வை உதறிய பெண், “என்ன, வீடு பாக்க வந்தீங்களா? காலி இல்ல,” என்றாள். பேராசிரியர் பொழுது சாயும்வரை தபால்காரியின் பின்னால் நடந்து, சலவைக்கடையில் வந்து உட்கார்ந்து, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

“எல்லாத்தையும் பாத்துட்டேன்மா. ஆனா அங்கி இல்லாம பாத்தது செல்லாதே.”

தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்தாள். “அங்கிதானே பாக்கணும்? உள்ள யாரு இருக்கணும்னு எழுதியிருக்கா?”

பேராசிரியர் கண்ணை மூடிச் சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்துப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை.

“அப்ப நீ போட்டுக்கக்கா.”

மறுநாள் தபால்காரி அங்கியோடு பாலம் தாண்டினாள். வீடுகளில் பாலை இறக்கிவைத்துக் காத்திருந்தார்கள். முதல் தெரு ஓரத்தை லேசாகத் தூக்கியது. நடை பழகிய நடையாக இருக்கவே திரும்பப் படுத்துக்கொண்டது. மற்றவை அசையவில்லை. ‘அங்கி நேரில் சென்று கண்ட தெருக்கள் பதினேழு’ என்று பேராசிரியர் எழுதிக் கையெழுத்திட்டார். நகரசபை குழாயைத் தொடவில்லை.

அதிலிருந்து கிழக்கே எந்த ஆய்வு என்றாலும் பல்கலைக்கழகம் அங்கியை மட்டும் மடித்து அனுப்புகிறது. தோளில் பிடிக்கிறது என்று தபால்காரி சொன்னதன் பேரில், இரண்டாம் வருஷம் தையலைப் பிரித்து அகலப்படுத்திக் கொடுத்தார்கள்.